‘கொஞ்சம் லைன்ல இருங்க’: ஆபீஸ் போன் கேள்வி-பதில்

இபிஏபிஎக்ஸ் (ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) பலகைக்கு முன்னால் 24 வருடம் உட்கார்ந்திருந்த முன்னாள் ஆபரேட்டர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

வரவேற்பு மேசைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபர் செய்தால் சில சமயம் கட் ஆகிறது. சில சமயம் அழைப்பு எனக்கே திரும்பி வருகிறது. இரண்டுக்கும் திட்டு எனக்குத்தான். என்ன செய்ய?

திட்டு உங்களுக்கு வராமல் யாருக்கு வரும்? அவர்கள் கேட்ட முதல் குரல் உங்களுடையது. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு விஷயம்.

கட் ஆவதற்குப் பெரும்பாலும் ஃபிளாஷ்தான் காரணம். சாதாரண அனலாக் போனில் டிரான்ஸ்ஃபருக்காக நீங்கள் அழுத்தும் ஃபிளாஷ் பட்டன் (சில போன்களில் ‘ஆர்’ என்றிருக்கும்) லைனை ஒரு நொடிக்கும் குறைவாகத் துண்டித்து மறுபடி சேர்க்கிறது, அவ்வளவுதான். அந்தத் துண்டிப்பின் நீளத்தை வைத்துத்தான் எக்ஸ்சேஞ்ச் உங்கள் மனதைப் படிக்கிறது. கொஞ்சம் நீண்டுவிட்டால், ‘ரிசீவரை வைத்துவிட்டார்’ என்று முடிவுகட்டிவிடும். ரொம்பக் குறுகினால் ‘1’ டயல் செய்ததாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். பழைய வட்ட டயல் போன் நொடிக்குப் பத்து தடவை என்ற கணக்கில் லைனை வெட்டி வெட்டித்தானே எண்ணைச் சொன்னது! ஆகவே ரிசீவர் வைக்கும் கொக்கியை விரலால் தட்டாதீர்கள். பட்டனை அழுத்தியும் கட் ஆனால், போனில் இருக்கும் ஃபிளாஷ் நேரமும் எக்ஸ்சேஞ்சில் போட்டிருக்கும் நேரமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். டெக்னீஷியனிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஓடும் ஐபி போனில் இந்தத் தலைவலி கிடையாது.

திரும்பி வருவது கோளாறே இல்லை. எண்ணை அடித்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு வெளியேறுவது பிளைண்ட் டிரான்ஸ்ஃபர். அந்தப் பக்கம் யாரும் எடுக்காவிட்டால், சில நொடிகள் கழித்து அனுப்பியவருக்கே அழைப்பு திரும்பும். இதற்கு ரீகால் என்று பெயர். எரிச்சலில் இதை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். பிறகு வெளியே காத்திருப்பவர் ஆளில்லாத அறையில் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் சேர்ந்த புதிதில் ஒருவரைக் கணக்குப் பிரிவுக்குத் தள்ளினேன். அவர்கள் ஸ்டோருக்குத் தள்ள, ஸ்டோர் டெஸ்பாட்சுக்குத் தள்ள, டெஸ்பாட்ச்காரர் ஆபரேட்டருக்கே தள்ளினார். “அம்மா, நீங்கதானே முதல்ல பேசினது?” என்றார் அந்த மனிதர். குரலில் கோபம்கூட இல்லை. அன்றிலிருந்து கேட்காமல் நான் யாருக்கும் அழைப்பைத் தந்ததில்லை. ஃபிளாஷ், எக்ஸ்டென்ஷன் எண், எடுத்தவரிடம் “இன்னார், இன்ன விஷயம், தரட்டுமா?” சரி என்றால்தான் ரிசீவரை வைப்பேன். மாட்டேன் என்றால் பழைய ஆளிடமே திரும்பிப் போய்ச் சொல்வேன். கூடுதலாகப் பத்து நொடி ஆகும், ஆகட்டுமே.

ஹோல்டுக்கும் பார்க்குக்கும் என்ன வித்தியாசம்?

ஹோல்டில் அழைப்பு பொதுவாக உங்கள் போனிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். நீங்கள்தான் வந்து எடுக்க வேண்டும். பார்க் செய்தால் எக்ஸ்சேஞ்சில் எண் போட்ட ஓர் இடத்தில் அது நிற்கும். “71-ல் உங்களுக்கு ஒரு கால்” என்று குரல் கொடுத்தால், கிடங்கில் இருப்பவர் பக்கத்தில் உள்ள எந்தப் போனிலும் 71-க்குரிய குறியீட்டு எண்ணை அடித்துப் பேசலாம். மேசையில் தங்காமல் சுற்றுகிறவர்கள் இருக்கும் இடத்தில் பார்க்தான் நல்லது.

எங்களுக்கு வெளி லைன் இரண்டு. மணிக்கு 20 அழைப்பு, ஒவ்வொன்றும் சுமார் 3 நிமிடம். மொத்தம் 60 நிமிடம்தானே, ஒரு லைனே போதுமே! பிறகு ஏன் ‘எப்போதும் பிஸி’ என்று புகார் வருகிறது?

உங்கள் கூட்டல் சரி. ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வருவதில்லை. பத்து நிமிடம் ஒன்றும் வராது, பிறகு நாலு ஒன்றாக வந்து விழும். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர் இதற்கான சூத்திரத்தை 1917-லேயே எழுதிவிட்டார். அதில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஒரே லைன் என்றால் பாதிப் பேருக்கு பிஸி டோன். இரண்டு லைன் இருந்தும் 100-க்கு 20 பேருக்கு பிஸி. மூன்றானால் ஏறக்குறைய 6 பேர், நான்கானால் 2 பேர்கூட இல்லை. மூன்றாவது லைனை வாங்கிவிடுங்கள். வாங்கும்போது எல்லா லைனையும் ஹன்டிங்கில் (ஒன்று பிஸியானால் அழைப்பு தானாக அடுத்த லைனுக்குப் போகும் ஏற்பாடு) சேர்க்கச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முதல் எண்ணுக்கு அடிப்பவர் பிஸி கேட்பார், மூன்றாவது சும்மா தூங்கும்.

ஒரு அழைப்பு வந்தால் ஆறு மேசையிலும் சேர்ந்து மணி அடிக்கிறது. ஒருவரும் எடுப்பதில்லை.

ஆறு பேரும் ‘இன்னொருவர் எடுப்பார்’ என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ரொம்ப நேரமாகப் பேசாமல் இருக்கும் மேசைக்கு முதலில் போகும்படி மாற்றச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த மேசை. கூடவே ஆறு பேரையும் ஒரே பிக்கப் குரூப்பில் போட்டால், பக்கத்து மேசையில் அடிக்கும் மணியை எழுந்து போகாமலே எடுக்கலாம்.

மேலாளர் வெளியே போகும்போது செல்போனுக்கு ஃபார்வர்ட் போட்டுவிட்டுப் போகிறார். திரும்பி வந்ததும் எடுக்க மறந்துவிடுகிறார். பிறகு, “என் மேசைக்கு யாருமே கூப்பிடுவதில்லை” என்கிறார்.

எல்லா அழைப்பையும் திருப்பும் வகையைப் போடுகிறார். ‘எடுக்காவிட்டால் மட்டும்’ என்ற வகையைப் போட்டுக்கொடுங்கள். அந்த ஃபார்வர்டை நீக்கவே வேண்டாம், அவர் மேசையில் இருந்தால் மேசையில்தான் முதலில் மணி அடிக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: செல்போனில் வாய்ஸ்மெயில் இருந்தால் அது அழைப்பை விழுங்கிவிடும், உங்களுக்குத் திரும்பி வராது.

பழைய முறைதான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால், ரிசீவரை எடுத்து அவர் காதில் வையுங்கள். டயல் டோன் விட்டுவிட்டுக் கேட்கும். பல எக்ஸ்சேஞ்சுகளில் அது ‘ஃபார்வர்ட் இன்னும் இருக்கிறது’ என்று போன் சொல்லும் விதம்.