அட்லாண்டாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை, ஜார்ஜியாவில் ஜெர்மனி பாணியில் கட்டிய மலையூரான ஹெலனில் நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழாவுக்குக் கூட்டிப் போகலாமா? எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. ரிவர்டேல் பெருமாள் கோயில், ஸ்டோன் மவுண்டன், அக்வேரியம் எல்லாம் வந்த முதல் மாதத்திலேயே முடிந்திருக்கும். இப்போது நீங்கள் வேலைக்குப் போனதும் இரண்டு பேரும் சோஃபாவில் உட்கார்ந்து யூடியூபில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் காலையில் டீக்கடை, சாயங்காலம் கோயில் மண்டபம் என்று நடந்துகொண்டே இருப்பார். இங்கே எங்கள் குடியிருப்பின் வாசலைத் தாண்டினால் நடைபாதை கிடையாது, பேருந்தும் கிடையாது. காரை நாம் எடுத்தால்தான் அவருக்கு வெளியுலகம். அவருக்காகத்தான் ஹெலன் போனோம். அங்கே காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் ஊர் முழுக்கக் காலாலேயே சுற்றலாம். நடுவில் சட்டஹூச்சி ஆறு ஓடுகிறது. அப்பா பாலத்தின் மேல் நின்று வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

"அது போலி ஜெர்மனி, கடைத்தெருவுக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். மர அறுவை ஆலையை நம்பிப் பிழைத்த மலையூர் அது. மரம் தீர்ந்து ஆலை போனதும் ஊர் படுத்துவிட்டது. உள்ளூர் வியாபாரிகள் ஜான் கோலக் என்ற ஓவியரிடம் யோசனை கேட்டார்கள். அவர் ராணுவத்தில் ஜெர்மனியில் இருந்தபோது பார்த்த பவேரிய ஊர்களை மனதில் வைத்து வரைந்து கொடுத்தார். 1969இல் கடைகளின் முகப்பை அப்படியே மாற்றினார்கள். அடுத்த ஆண்டே அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கிவிட்டது. பிழைப்பு போன ஊர் தானே எழுந்து நின்றிருக்கிறது, எனக்கு அதில் மரியாதைதான் வருகிறது. மூல விழாவான ஜெர்மனியின் மியூனிக் விழாவே 1810இல் பவேரிய இளவரசர் லுட்விக்கின் கல்யாணத்துக்காக நடந்த குதிரைப் பந்தயத்தில் தொடங்கியதுதான்.

விழா மண்டபத்தில் நீளநீளமான மேசைகள். முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்துதான் உட்கார வேண்டும். எங்கள் எதிரே இறகு செருகிய தொப்பியோடு ஒரு வயதான தம்பதி. பேச்சுவாக்கில் அந்தப் பெரியவரும் கிராமங்களில் தபால் கொடுத்தவர் என்று தெரிந்தது. அவ்வளவுதான், இருவரும் பென்ஷன், நாய்க்கடி, முகவரி சரியில்லாத கடிதம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் நடுவில் மொழிபெயர்த்தேன். பேண்ட் வாசிப்பவர்கள் எல்லோரையும் கோப்பை தூக்கச் சொன்னபோது அப்பாவும் ரூட் பீர் கோப்பையைத் தூக்கினார். ரூட் பீர் வெறும் குளிர்பானம், ஆல்கஹால் இல்லை, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அம்மாவுக்கு உப்புத் தூவிய பிரெட்செல் என்ற முறுக்கு வடிவ ரொட்டி பிடித்துப்போனது. சைவமென்றால் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு சாலட் இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள், பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு.

அந்தக் கோப்பை போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு வாட்ஸப் குழுவில் "பெத்த அப்பாவைச் சாராயத் திருவிழாவுக்கா கூட்டிப் போவாங்க?" என்று எழுதினார்கள். இன்றைக்கும் வலிக்கிறது. குடி நல்லது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. குடியால் நாசமான வீடு எங்கள் உறவிலேயே உண்டு. டாஸ்மாக்கை மூடச் சொல்லி உட்கார்ந்த பெண்கள் பக்கம்தான் நான். ஆனால் பீர் என்ற சொல்லைக் கேட்டதும் டாஸ்மாக் வாசலை நினைப்பவர்கள், அங்கே பேரன் பேத்தியோடு கைகோத்து ஆடும் குடும்பங்களை ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

பெற்றோர் வந்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பயணிகள் காப்பீட்டுப் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்து மருத்துவரிடம் போனபோது, பழைய ரத்த அழுத்தம் என்று காரணம் காட்டி ஒரு டாலர்கூடத் தரவில்லை. பிரீமியம் வாங்கும்போது போனில் எவ்வளவு இனிமையாகப் பேசினார்கள்! கேட்பதற்கு ஆளே இல்லை.

சரி, ஹெலனுக்கு வருவோம். விழா செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் முழுக்க நடக்கும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். மண்டபம் திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு வார நாளில் போங்கள். காலையில் பக்கத்திலுள்ள அன்னா ரூபி அருவியை முடித்துவிடுங்கள். இரண்டு ஓடைகள் அருகருகே விழுகின்றன, பெரியது 153 அடி. பாதை அரை மைலுக்கும் குறைவு, தளம் போட்டது, ஆனால் ஏற்றம். முழங்கால் வலி இருந்தால் மெதுவாக ஏறச் சொல்லுங்கள். மதியம் மண்டபத்துக்கு வந்து, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள், அதற்கப்புறம் இரைச்சல் கூடிவிடும். மலைக்காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.