இரண்டாம் தவணை வரவில்லையா? வட்டியைப் பாருங்கள்

மத்திய அரசின் ஆய்வு மானியத்துக்கு, முதல் தவணையை எப்படிச் செலவழித்தீர்கள் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை அனுப்பி நான்கு மாதமாகியும் இரண்டாம் ஆண்டுப் பணம் வரவில்லை என்கிறீர்கள். அநேகமாக வட்டிதான் காரணம். மானியப் பணம் வங்கியில் கிடந்தபோது சேர்ந்த வட்டியைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், விதி 230(8)-இன்படி, கணக்கு முடித்ததும் அதை இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கருவூலத்துக்கு, கட்டிவிட வேண்டும்.

உங்களுடையது எண்ணூர்க் கழிமுக வண்டல் ஆய்வு. மழை ஓயும்வரை மாதிரி எடுத்திருக்க மாட்டீர்கள். பணம் சும்மா கிடந்து வட்டி ஏறியிருக்கும்.

1. திட்டத்துக்கான பாஸ்புக்கில் வட்டி வரவுகளை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுக் கூட்டுங்கள்.

2. சான்றிதழ்ப் படிவம் 12-ஏ-வில் 'ஈட்டிய வட்டி', 'திருப்பிச் செலுத்திய வட்டி' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவது காலியாக இருந்தால், சரி, சிக்கல் அங்கேதான். அரசுக்கு இணையத்தில் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தில் கட்டி, ரசீதுடன் திருத்திய சான்றிதழை அனுப்புங்கள். எந்தக் கணக்குத் தலைப்பில் (அரசு தன் வரவை வகை பிரிக்கும் குறியீடு) கட்டுவது என்று மானியம் தந்தவர்களிடம் முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பான தலைப்பில் போனால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

தண்டையார்பேட்டையில் இருந்தபோது வெறும் 7,312 ரூபாய் வட்டிக்காக எனக்கு ஐந்து மாதம் போனது. கணக்கர் அதை 'இதர வரவு' என்று எழுதி வைத்திருந்தார், மனிதர்!

ஆனால் ஒன்று: உங்கள் பணம் இருப்பில்லாக் கணக்கு (செலவாகும்வரை பணம் அரசிடமே இருக்கும் கணக்கு) வழியாக வருகிறதென்றால் வட்டியே சேராது. அப்போது காரணம் வேறாக இருக்கும்; கருவிக்கு ஆர்டர் மட்டும் கொடுத்துவிட்டு, பணம் கட்டாமலே செலவு என்று காட்டியிருக்கிறார்களா பாருங்கள்.