பழைய மேலாளரா, கிழ மேலாளரா?

கேள்வி: சென்னையில் ஒரு நிறுவனத்தில், மெக்சிகோ வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் குழுவில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். போன வாரம் ஒரு மெயிலில் என் பழைய மேலாளரைப் பற்றிச் சொல்ல ‘மி ஹெஃபே வியேஹோ’ என்று எழுதினேன். “பாவம், அவருக்கு என்ன வயசு?” என்று பதில் வந்தது. அவர் என்னைவிட மூன்று வயது சின்னவர்! அகராதியில் ‘ஓல்ட்’ என்று தேடினால் வியேஹோ, அன்தீகுவோ, அன்ஸியானோ, மயோர் என்று வரிசையாக வருகிறது. எதை எங்கே போடுவது?

பதில்: நீங்கள் எழுதியதற்கு ‘கிழ மேலாளர்’ என்றுதான் பொருள் வரும். போதாக்குறைக்கு மெக்சிகோவில் பேச்சுவழக்கில் ‘மி ஹெஃபே’ என்றால் ‘எங்கப்பா’ என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அலுவலக மெயில் என்பதால் அந்த வம்பு இல்லாமல் போனது.

தப்பு உங்கள் ஸ்பானிஷில் இல்லை, நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில். மனதில் ‘முன்னாள் மேலாளர்’ என்று தெளிவாகத்தான் இருந்திருக்கும். அதை ‘ஓல்ட்’ ஆக்கியதும் முன்னாள், வயதான, பழமையான, நைந்துபோன எல்லாம் ஒரே மூட்டைக்குள் விழுந்துவிட்டன. அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அகராதிக்குப் போனால் முதலில் கையில் அகப்படுவது வியேஹோ. அகராதியைத் திறப்பதற்கு முன் தமிழில் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்: முன்னாளா, வயதானவரா, பழமையானதா, பழசா? தமிழ் இதை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. பழைய வீடு என்போம், வயதான மனிதர் என்போம். மாற்றிச் சொல்ல மாட்டோம்.

வியேஹோ இந்த எல்லையை மதிக்காது. வீடு, சட்டை, பஸ், ஆள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். (எழுத்தில் ‘வி’ மாதிரி இருந்தாலும் வாயில் ‘பி’க்குப் பக்கத்தில் ஒலிக்கும்.) பொருளுக்குச் சொன்னால் பழசு, தேய்ந்தது, ஆளுக்குச் சொன்னால் கிழம். ஆனால் இடம் மாறினால் குணம் மாறும். ‘உன் அமீகோ வியேஹோ’ (இந்த ‘உன்’ ஸ்பானிஷில் ‘ஒரு’) என்றால் வயதான நண்பர். அதையே முன்னால் போட்டு ‘உன் வியேஹோ அமீகோ’ என்றால் நெடுநாள் சிநேகிதர். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்கலாம். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நின்றால் உடம்பின் வயது, முன்னால் நின்றால் உறவின் வயது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி என்று சொல்ல மாட்டேன், உங்கள் மெயிலுக்குப் போதும்.

உங்களுக்கு வேண்டிய சொல் அன்தீகுவோ. இதற்கும் அதே இடமாற்ற விளையாட்டு உண்டு. (வீடு மாதிரிப் பெண்பால் சொற்களோடு வந்தால் அன்தீகுவா, வியேஹா என்று முடியும்.) ‘மி அன்தீகுவா காஸா’ என்றால் நான் முன்பு குடியிருந்த வீடு; போன வருடம் கட்டிய அடுக்குமாடியாகக்கூட இருக்கலாம். ‘உனா காஸா அன்தீகுவா’ என்றால் அந்தக் காலத்து வீடு. ‘முன்னாள்’ என்ற பொருளுக்கு நல்ல சாட்சி ஓர் ஊர்ப்பெயரே. 1773 நிலநடுக்கத்தில் குவாதெமாலாவின் தலைநகர் சிதைந்தது. சில ஆண்டுகளில் தலைநகரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். விட்டுவந்த ஊருக்கு ‘அன்தீகுவா குவாதெமாலா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் வெறும் ‘அன்தீகுவா’ என்கிறார்களே, அந்த ஊர்தான்.

அப்படியானால் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி மெக்சிகோ நண்பருக்கு எழுதினால்? ‘தெம்ப்லோ அன்தீகுவோ’. ஆயிரம் வருடப் பெருமையை இந்தச் சொல் தாங்கும். ‘தெம்ப்லோ வியேஹோ’ என்றால், பராமரிப்பில்லாத கோயிலோ, புதிதாக ஒன்று கட்டிவிட்டார்களோ என்று அவருக்குத் தோன்றலாம்.

இந்த இரண்டாவது சந்தேகம் ஏன் வரும் என்பதற்கு ஸ்பெயினில் சலமான்கா நகரம் இருக்கிறது. அங்கே இரண்டு பேராலயங்கள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒன்று 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது: கதெத்ரால் வியேஹா. மற்றது 1513இல் தொடங்கியது: கதெத்ரால் நுவேவா, அதாவது புதுப் பேராலயம். ஐந்நூறு வருடத்துக்குப் பிறகும் அது ‘புதுசு’தான். நம் ஊர்களில் அறுபது வருடமாக இருக்கும் ‘புது பஸ் ஸ்டாண்டு’ மாதிரி! புதுசு ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் இன்னொன்று பழசாகும். அந்த ஜோடிப் பழசுக்கு வியேஹோ. காலத்தின் ஆழத்துக்கு அன்தீகுவோ. பழைய எகிப்து, பழைய ஏற்பாடு எல்லாம் அன்தீகுவோ கணக்குதான்.

இனி மனிதர்கள். இங்கேதான் மரியாதை போகும், வரும். வயதானவரைப் பற்றிப் பேசும்போது ‘மயோர்’ போடுங்கள். இந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ‘பெரிய’. உனா பெர்ஸோனா மயோர் என்றால் ‘ஒரு பெரியவர்’. தமிழும் ஸ்பானிஷும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே வழியில் போயிருக்கின்றன. ஆங்கிலம் வழியாகப் போகிறவருக்கு இது தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய சொல். பெரியவர் என்று சொல்லியே வளர்ந்த நமக்கு அப்படியில்லை. மெக்சிகோ அரசு முதியோருக்காக நடத்தும் நிறுவனத்தின் பெயரிலும் ‘அதுல்தாஸ் மயோரெஸ்’ என்றுதான் இருக்கிறது. அண்ணனுக்கு ‘எர்மானோ மயோர்’, அக்காவுக்கு ‘எர்மானா மயோர்’. ‘என்னைவிடப் பெரியவர்’ என்பது ‘எஸ் மயோர் கே யோ’.

ஆனால் நம் பேச்சில் ‘பெரியவர்’ என்பது ‘பெருசு’ ஆனதும் மரியாதை இறங்கிவிடுகிறது. ஸ்பானிஷில் அந்த இறங்கிய இடத்தில் இருப்பது வியேஹோதான். அன்போடும் சொல்லலாம், எரிச்சலோடும் சொல்லலாம். அர்ஜென்டினாவில் ‘மி வியேஹோ’ என்றால் எங்கப்பா. மெக்சிகோவில் ‘மி வியேஹோ’ என்று மனைவி கணவரைச் சொல்வார். ‘வியேஹீதோ’ என்று கொஞ்சலாகக் குறுக்கினால் தாத்தா மீதுள்ள பாசம் வரும். இதெல்லாம் வீட்டுப் பேச்சு. நீங்கள் மெயிலில் எழுத வேண்டாம்.

அன்ஸியானோ? தள்ளாத வயதுக்காரர். செய்தித்தாளுக்கும் ஊர் மூத்தோர் சபைக்கும் சரி. எதிரே உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரரை இப்படிச் சொல்ல வேண்டாம். கோயிலுக்கும் கோட்டைக்கும் இதைப் போடவே கூடாது. ஆங்கிலத்தில் ‘தொன்மையான’ என்பதற்கான சொல்லும் இதே மாதிரி ஒலிப்பதால் என் மாணவர்களில் பாதிப் பேர் முதல் வருடத்தில் கோயிலைத் தடியூன்ற வைத்துவிடுவார்கள்.

அலுவலகத்தில் ஒரு பொறி. ‘எல் எம்ப்ளெயாதோ மாஸ் அன்தீகுவோ’ என்றால் அதிக வயதானவர் இல்லை, அதிக காலம் வேலையில் இருப்பவர். நாம் சீனியர் என்கிறோமே அவர். பணிமூப்புக்கே ‘அன்தீகுவேதாத்’ என்றுதான் பெயர்.

சாப்பாட்டுக்கு வேறு கணக்கு. நாள்பட்டால் ருசி கூடும் சரக்குக்கு ‘அஞேஹோ’. ஸ்பானிஷ் எழுத்தில் தலைமேல் வளைவு வைத்த ‘ன’ நம் ஞ தான். மெக்சிகோவில் தெகீலா பாட்டிலில் இந்தச் சொல் இருக்க வேண்டுமென்றால் குறைந்தது ஒரு வருடம் ஓக் மரப் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். காய்ந்துபோன ரொட்டி ‘பான் தூரோ’, அதாவது கெட்டியான ரொட்டி. நம் பழைய சோற்றை வியேஹோ என்று சொன்னால் யாரும் கையில் வாங்க மாட்டார்கள். ‘அர்ரோஸ் தே ஆயேர்’, நேற்றைய சோறு என்று சொல்லுங்கள். இதற்கு விதிவிலக்காக ‘ரோபா வியேஹா’ என்றே ஓர் உணவு இருக்கிறது. கியூபாவில் பிரபலம். பெயருக்கு அர்த்தம் பழந்துணி. தட்டில் வருவது நார்நாராகப் பிய்த்த மாட்டிறைச்சி.

சரி, உங்கள் மெயிலுக்கு வருவோம். ‘மி அன்தீகுவோ ஹெஃபே’ என்று திருத்துங்கள். இதற்கு முன் இருந்த மேலாளர் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் ‘மி ஹெஃபே அன்தெரியோர்’. அப்புறம் அவருடைய வயதுக்காக அந்த மெக்சிகோக்காரர் இன்னும் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘எஸ் மெனோர் கே யோ’. என்னைவிடச் சின்னவர்.