பழைய பெட்ரோல் கார் ஆயில் குடிக்கிறது, இன்ஜினை இறக்கித்தான் ஆகணுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பதினைந்து வருடப் பழைய பெட்ரோல் கார், டர்போ கிடையாது, 1000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குறைகிறது, நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மெக்கானிக் "ரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்கிறார்.

கடைசியில் இறக்க வேண்டியதுகூட வரலாம். ஆனால் அவர் எதை வைத்து ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) என்கிறார் என்று கேட்டீர்களா? புகையை வைத்தா, கம்ப்ரஷன் (பிஸ்டன் சிலிண்டருக்குள் உண்டாக்கும் அழுத்தம்) பார்த்தா, இல்லை "பழைய வண்டி, வேறென்ன இருக்கப் போகுது" என்ற அனுபவத்தை வைத்தா? இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. என் வண்டியில் நானே கம்ப்ரஷன் பார்த்து, மீட்டர் காட்டியதை அப்படியே நம்பி, தப்பான பாகத்தை மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு. முக்கால் லிட்டர் என்பது டிப்ஸ்டிக்கை எப்படிப் பார்த்து வந்த கணக்கு? காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதளத்தில், எப்போதும் அதே இடத்தில் நிறுத்திப் பார்க்கணும். சரிவில் ஒரு நாள், ஓட்டி வந்த சூட்டோடு ஒரு நாள் என்று பார்த்தால் வரும் கணக்குக்கு அர்த்தமே இல்லை. பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 1 லிட்டர். மேல்கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரை எழுதி வைத்து, கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது அளந்து ஊற்றிப் பாருங்கள். சில தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போவது இயல்பு என்று போட்டிருக்கும், எனவே உங்களுடையது அதிகம்தான், ஆனால் நாளைக்கே இன்ஜின் போய்விடும் என்ற நிலை இல்லை. குறையுதே என்ற பயத்தில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது. கிராங்க் (இன்ஜினின் அடியில் சுழலும் தண்டு) சுற்றும்போது ஆயிலை அடித்து நுரையாக்கும், அதில் ஒரு பங்கு காற்றோடு சேர்ந்து இன்டேக்குக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) போய் அதுவும் எரியும். அப்புறம், ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். பல பழைய கார்களில் அது ஆயில் அழுத்தத்தைத்தான் காட்டுகிறது, மட்டத்தை இல்லை. எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தணும்.

சொட்டு இல்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகிவிடாது. டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங்கில் கசிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் அங்கேயே பொரிந்து போகும், தரைக்கு வராது. ஓட்டி வந்து நிறுத்தியதும் கருகல் வாடை வருகிறதா பாருங்கள். கிராங்க் சீல் சில வண்டிகளில் ஓடும்போது மட்டும் கசிந்து, காற்றில் அடித்துப் பின்பக்கம் முழுக்கப் பூசிவிடும். டார்ச் எடுத்துக் கீழே ஒரு முறை பார்த்தால் போதும், பத்து நிமிட வேலை.

கசிவு இல்லை என்றால் எரிகிறது. எங்கே எரிகிறது என்பதற்குப் புகை வரும் நேரம்தான் பெரிய துப்பு. நீங்கள் ஓட்டும்போது அது உங்களுக்குத் தெரியாது, பின்னால் ஒருவரை வேறு வண்டியில் வரச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரே ஒரு முறை நீலமாக ஊதிவிட்டு நின்றுவிட்டால் வால்வு சீல், அதாவது வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். இரவில் ஆயில் வால்வு தண்டு வழியாகச் சொட்டிக் காத்திருக்கிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து, கீழே மறுபடி மிதிக்கும்போது குப்பென்று வந்தாலும் பெரும்பாலும் அதேதான், ஏனென்றால் காலை எடுத்திருக்கும்போது இன்டேக்கில் வெற்றிடம் அதிகமாகி ஆயிலை உறிஞ்சும். மேட்டில், பாரத்தோடு ஏறும்போது விடாமல் புகைந்தால் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவி இந்தக் கணக்கில் சேராது. ஒன்று மட்டும்: கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) நன்றாக இருக்கும் வண்டியில் ஆயில் எரிந்தும் கண்ணுக்குப் புகையே தெரியாமல் போகலாம். புகை இல்லை, அதனால் எரியவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இத்தனையும் பார்க்கும் முன்பே பிசிவி வால்வை மாற்றிவிடுங்கள். கிராங்க்கேஸில் (கிராங்க் சுற்றும் கீழ்ப்பகுதி) சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் சின்னப் பாகம் அது. திறந்தபடியே சிக்கினால் வாயுவோடு ஆயிலையும் இழுத்துக் கொடுக்கும், அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீல்களில் கசிய வைக்கும். கழற்றிக் காதருகே ஆட்டினால், பழைய மாடல்களில் உள்ளே டக்டக் என்று ஆடும், ஆடவில்லை என்றால் சிக்கியிருக்கிறது. ஆடினாலும் நான் மாற்றிவிடச் சொல்வேன், அதோடு போகும் ரப்பர் குழாயையும் சேர்த்து. இதை மாற்றாமலே இன்ஜினை இறக்கியவர்கள் உண்டு.

இப்போது என் கதை. நான்கு சிலிண்டர் வண்டி, 1200 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் குடித்துக்கொண்டிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒரு நியூஸ் பேப்பரில் வரிசை மாறாமல் வைத்தேன். ஒன்றும் நான்கும் காய்ந்த பழுப்பு. இரண்டிலும் மூன்றிலும் மரை வரை கறுப்பாக ஈரம், முனையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகச் சாம்பல் கட்டியிருந்தது. (பிளக்கின் மேல்பாதி, வயர் செருகும் பகுதி மட்டும் ஈரமாக இருந்தால் அது எரிவதில்லை, மேலே உள்ள குழாய் சீல் கசிகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) கம்ப்ரஷன் பார்த்தேன், நான்கிலும் 170, 175 பிஎஸ்ஐ. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோதும் பெரிதாக ஏறவில்லை. ரிங் சூப்பர், அப்போ வால்வு சீல்தான் என்று முடிவு கட்டினேன்.

இரண்டு வார இறுதிகள் போயின. ஹெட்டை (சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் இருக்கும் பகுதி) கழற்றாமலே செய்யலாம்: பிளக் ஓட்டை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, வால்வு உள்ளே விழாமல் பிடித்துவைத்து, ஸ்பிரிங்கை அமுக்கி ஒவ்வொன்றாக மாற்றணும். வந்த பழைய சீல்கள் ரப்பர் மாதிரியே இல்லை, நகத்தால் அழுத்தினால் சிப்ஸ் மாதிரி உடைந்தன. ஆள் கிடைத்துவிட்டான் என்று அன்றைக்கு ஒரே சந்தோஷம். காலையில் வந்த நீலப் புகையும் நின்றது. ஆனால் அடுத்த மாதம் அளந்தால் 1500 கிலோமீட்டருக்கு 1 லிட்டர். பிடிபட்டது சின்னத் திருடன்.

நான் கோட்டை விட்டது எங்கே என்றால், பிஸ்டனில் ரிங் மூன்று வரிசை. கம்ப்ரஷனைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு. மூன்றாவது ஆயில் ரிங், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது அதன் வேலை. அது கரி பிடித்துக் காடிக்குள் ஒட்டிக்கொண்டாலும், அதன் பின்னால் பிஸ்டனில் இருக்கும் ஆயில் ஓட்டைகள் அடைத்துக்கொண்டாலும், கம்ப்ரஷன் மீட்டர் எதையும் காட்டாது. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட்டும் அப்படித்தான். பிளக் ஓட்டை வழியாகக் குட்டி கேமரா விட்டுப் பார்த்தபோது இரண்டிலும் மூன்றிலும் பிஸ்டன் தலை நடுவில் கரி, விளிம்பைச் சுற்றி மட்டும் ஆயில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. ரிங்கைத் தாண்டி ஆயில் மேலே வருகிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும். சுவரில் கீறல் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

கீறல் இல்லாததால் ஊறவைத்துப் பார்த்தேன். பிஸ்டன்கள் நான்கையும் ஏறக்குறைய நடுமட்டத்துக்குக் கொண்டுவந்து, கரி கரைக்கும் திரவத்தைப் பிளக் ஓட்டையில் ஊற்றி, ஒரு இரவு விட்டேன். காலையில் மீதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிளக் போடாமல், இக்னிஷனையும் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் துண்டித்து, ஓட்டைகள் மேல் துணியைப் போட்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற விட்டேன். இந்த வரிசையில் எதையும் விட்டுவிடாதீர்கள். திரவம் உள்ளே இருக்கும்போது பிளக்கை முடுக்கிச் சுற்றினால், திரவம் அமுங்காது, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். துணியில் தார் மாதிரி வந்தது. திரவம் ஆயிலோடு கலந்துவிடும் என்பதால் ஓட்டும் முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆகணும். முதல் முறையில் பெரிய மாற்றம் இல்லை. மூன்று முறை செய்த பிறகு 3500 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் என்று வந்து நின்றது.

எல்லா வண்டிக்கும் இது பலிக்காது. சுவர் கீறியிருந்தாலோ, ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் நன்றாக ஏறினாலோ, ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளிக்கொண்டு வந்தாலோ உங்கள் மெக்கானிக் சொல்வது சரி, இறக்குங்கள். அப்போதும் ரிங் மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். போர் (சிலிண்டரின் உட்துளை) தேய்ந்திருக்கிறதா, முட்டை வடிவமாகிவிட்டதா என்று அளந்து, ஹோனிங்காவது (சுவரை லேசாக உரசிக் கரடாக்குவது) செய்யணும். கண்ணாடி மாதிரி வழவழத்துப்போன சுவரில் புது ரிங் பதியாது.

கெட்டி ஆயில் ஊற்றலாமா என்று நிறைய பேர் கேட்பார்கள். 5டபிள்யூ-30 ஓடும் வண்டியில் 5டபிள்யூ-40க்குப் போவதைக் கையேடு அனுமதித்தால் செய்து பார்க்கலாம், கொஞ்சம் குறையும். அதற்கு மேல் போனால் வேரியபிள் வால்வ் டைமிங் (வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு) உள்ள இன்ஜின்கள் முரண்டு பிடிக்கும். புகையை நிறுத்தும் டப்பாக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை; விற்கத் தயாராகும் வண்டிக்குத்தான் அதை ஊற்றுவார்கள் என்பது என் எண்ணம். டாப் அப் செய்துகொண்டே இருக்கிறோமே, ஆயில் மாற்ற வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். ஆயில் ரிங்கைக் கரி கட்ட வைத்ததே என் வண்டியின் முந்தைய சொந்தக்காரர் ஆயில் மாற்றாமல் ஓட்டியதுதான் என்று நினைக்கிறேன்.

பிசிவியை மாற்றி, பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் படம் எடுத்துக் கீழே பதிலில் போடுங்கள், காலையில் புகை வருகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் வண்டி இன்னும் அதே 3500க்கு 1 லிட்டரில் ஓடுகிறது, டிக்கியில் ஒரு ஆயில் கேன் எப்போதும் கிடக்கும்.