ஜெனோவாவில் கப்பல் ஒரு பகல் நின்றால் என்ன பார்க்கலாம்?

கேட்டிருப்பது இதுதான்: மத்தியதரைக்கடல் கப்பல் சுற்றுலாவில் காலை முதல் மாலை வரை ஜெனோவாவில் நிற்கிறோம், அப்பா அம்மாவும் உடன் வருகிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஊரில் நடந்து பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாரும் போவது போலப் பக்கத்துக் கடலோரச் சுற்றுலா ஊரான போர்த்தோஃபினோவுக்கு பஸ் பிடித்துவிடலாமா?

போர்த்தோஃபினோ வேண்டாம். ஊருக்குள்ளேயே நடங்கள். ஜெனோவாவில் மேற்படிப்பு படித்தபோது பழைய நகரத்தின் சந்து ஒன்றில்தான் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் அழைத்துப் போகும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கப்பலில் வந்த சரக்கும் பணமும் எந்த வழியாக ஊருக்குள் ஏறிப் போனதோ, கிட்டத்தட்ட அதே வழி. கடலோரத்தில் தொடங்கி மேட்டில் முடியும். இந்த வரிசையில் பார்த்தால்தான் ஊர் புரியும்.

உங்கள் கப்பல் பெரும்பாலும் போந்தே தேய் மில்லே துறையில் நிற்கும். ஒரு காலத்தில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலியர்கள் மூட்டை முடிச்சோடு கப்பலேறிய துறைமுகம் இது. வெளியே வந்ததும் வலப்பக்கம் கிழக்கு நோக்கி நடந்தால் சில நிமிடங்களில் கொமெந்தா தி பிரே என்ற கல்கட்டடம் வரும். 1180இல் தொடங்கியது. புனித பூமிக்குக் கப்பலேறக் காத்திருந்த யாத்ரீகர்கள் தங்கிய சத்திரம்.

அங்கிருந்து வியா தி பிரே சந்துக்குள் நுழையுங்கள். இந்தச் சந்துகளை உள்ளூரில் காருஜி என்பார்கள். இருபுறமும் ஆறேழு மாடி வீடுகள் நெருங்கி நிற்பதால் நண்பகலில்கூட அடியில் வெளிச்சம் குறைவு. பகலில் பயமில்லை. ஆனால் கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டிய பிறகு இந்தப் பக்கம் வேண்டாம். கைபேசி வரைபடம் இந்தச் சந்துகளில் தடுமாறும். வழி தவறினால் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள், அந்தப் பக்கம்தான் கடல். முகவரி தேடுகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: இங்கே ஒரே தெருவில் இரண்டு வரிசை கதவு எண்கள் உண்டு. சிவப்பு எண் கடைகளுக்கு, கறுப்பு எண் வீடுகளுக்கு. சிவப்பு 20ஐத் தேடி வந்தவர் கறுப்பு 20க்கு முன்னால் விழித்துக்கொண்டு நிற்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

சந்து திரும்பும் இடங்களில் தலைக்கு மேலே சுவரில் மாதா மாடங்களைப் பார்ப்பீர்கள். தெருவிளக்கு இல்லாத காலத்தில் அந்த மாடத்து விளக்குகள்தான் வழிக்கு வெளிச்சம். வியா தெல் காம்போவுக்கு வந்ததும் ஒரு சின்ன முற்றத்தில் நீரூற்று ஒன்று இருக்கும். அதன் பின்னால் எட்டிப் பாருங்கள், ஒரு தூண் மறைந்து நிற்கும். 1628இல், அன்று தனி நாடாக இருந்த ஜெனோவா குடியரசுக்கு எதிராகச் சதி செய்த வாக்கேரோ என்பவரைக் கொன்று, வீட்டை இடித்து, அவர் பெயர் என்றைக்கும் கெட்டுப்போகட்டும் என்று அரசு நட்ட தூண் அது. அவர் வழிவந்தவர்கள் அதை மறைக்கத்தான் முன்னால் நீரூற்றைக் கட்டினார்கள். சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் நிற்காமல் கடந்து போகும் இடம் இது. எனக்கோ ஊரிலேயே மிகவும் பிடித்த மூலை.

அடுத்து சொட்டோரீப்பா. பழைய துறைமுகத்தை ஒட்டி ஓடும் வளைவு மண்டபம், 12ஆம் நூற்றாண்டிலிருந்து கடைவீதி. ஒரு காலத்தில் அலை இதன் வாசல்வரை வந்தது. இப்போது நடுவில் சாலையும், அதற்கு மேல் 1965இல் திறந்த மேம்பாலமும் வந்துவிட்டன. அந்த மேம்பாலம் கடலை ஊரிடமிருந்து பிரித்துவிட்டது என்பது என் வருத்தம். இங்கே பொரித்த மீன் வாசனை தூக்கும். சைவம் என்றால் ஃபரினாத்தா கேளுங்கள். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துப் பல மணி நேரம் ஊறவைத்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே அங்கங்கே கருகிய முறுகல், உள்ளே வெண்ணெய் மாதிரி மிருது. மிளகுத்தூள் தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் அதில் ஒன்றுமில்லை. அப்பா அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். இன்னொன்று, பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ பார்க்கச் சைவம் போலத் தெரியும். ஆனால் அதில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டுதான் தயாரிக்கிறார்கள். கடுமையான சைவம் என்றால் தெரிந்து முடிவு செய்யுங்கள்.

சொட்டோரீப்பாவின் முனையில் இருக்கிறது பலாட்ஸோ சான் ஜோர்ஜோ. கடலைப் பார்த்த பக்கம் முழுக்க ஓவியம் தீட்டிய முகப்பு, அது 16ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. அப்படியே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். செங்கல்லும் கருங்கல்லுமாக இருக்கும் பழைய பாதி 1260இல் கட்டியது. வெனிஸோடு நடந்த போரில் பிடிபட்ட மார்க்கோ போலோ இங்கேதான் சிறையிருந்தார் என்பது மரபு. அவர் ஜெனோவாவில் கைதியாக இருந்ததும், உடன் இருந்த பீசா நகரத்து ருஸ்திகெல்லோவிடம் தன் பயணக் கதையைச் சொல்லச் சொல்ல அவர் எழுதியதும் எல்லாரும் அறிந்தது.

நம்மில் பலர் அறியாதது, அந்தக் கதையில் நாமும் இருக்கிறோம். மாபார் என்று அவர் சொல்வது பாண்டிய நாட்டை. சுந்தரபாண்டியத் தேவரின் பெயர் வருகிறது. முத்துக்குளிப்பவர்கள் தோணியில் போவது, சுறா அண்டாமல் மந்திரம் போடுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுப்பது, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, ஓர்மூஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நிற்கும் காயல் துறை, எல்லாம் வருகிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இன்று பழையகாயல் என்ற சின்ன ஊராக இருக்கிறதே, அதே காயல். அந்தத் துறைமுகத்தைப் பற்றி ஐரோப்பா படித்த வரிகள் இந்த ஊர்ச் சிறையில்தான் எழுத்தில் ஏறின. இதற்காகவாவது அந்தப் பின்சுவருக்கு முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன்.

இதே கட்டடத்தில்தான் பிறகு 1407இல் தொடங்கிய சான் ஜோர்ஜோ வங்கி இயங்கியது. அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் சேர்ந்து நடத்திய வங்கி. 1453இல் கோர்சிகா தீவின் ஆட்சியையே அரசு இதன் கையில் ஒப்படைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1805இல் நெப்போலியன் காலத்தில் மூடினார்கள். இன்று துறைமுக நிர்வாக அலுவலகம்.

ஒரு சந்து உள்ளே தள்ளினால் பியாட்ஸா பாங்கி. நாணயம் மாற்றுபவர்கள் பலகை போட்டு உட்கார்ந்த சதுக்கம். இங்கே சான் பியெத்ரோ தேவாலயத்தைப் பாருங்கள், தரைத்தளம் முழுக்கக் கடைகள், கோவில் அதற்கு மேலே. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டியபோது கீழ்க்கடைகளை விற்றுத்தான் திருப்பணிக்குப் பணம் திரட்டினார்கள். ஜெனோவாக்காரர்களைக் கணக்குப் பார்ப்பவர்கள் என்று மற்ற இத்தாலியர்கள் சொல்வதுண்டு. எனக்கு இதில் குறை தெரியவில்லை. கடன் வாங்காமல், யாரையும் கசக்காமல் கோவில் எழுந்திருக்கிறது.

சான் லொரென்ஸோ பேராலயம் இங்கிருந்து பக்கம். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முகப்பு. கோவிலை 1118இல் போப் இரண்டாம் கெலாசியுஸ் அர்ச்சித்தார். உள்ளே வலப்பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு பீரங்கிக் குண்டு நிற்கும். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நகரத்தைச் சுட்டபோது ஒரு குண்டு இந்தக் கோவிலைத் துளைத்து உள்ளே விழுந்து வெடிக்காமல் போனது. அதன் நினைவாக வைத்திருக்கிறார்கள். அன்று ஊரில் மற்ற இடங்களில் ஏராளமானோர் செத்தார்கள். பக்கத்தில் இருக்கும் நன்றிக் கல்வெட்டைப் படிக்கும்போது அவர்களும் நினைவுக்கு வருவார்கள்.

இன்னும் மேலே போனால் போர்த்தா சொப்ரானா, இரட்டைக் கோபுர வாசல். ஜெர்மானியப் பேரரசன் பார்பரோசா படையெடுத்து வருவான் என்ற அச்சத்தில் 1155 வாக்கில் எழுப்பிய மதிலின் பகுதி. அருகில் கொலம்பஸ் வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். 1684இல் பிரெஞ்சுக் கப்பற்படை குண்டு வீசியதில் பழைய வீடு போய், பிறகு திரும்பக் கட்டியது அது. வெளியிலிருந்து பார்த்தால் போதும், சீட்டு வாங்க வேண்டாம்.

திரும்பி தெ ஃபெர்ராரி சதுக்கத்தின் வழியாக சான் மத்தேயோ என்ற சின்ன முற்றத்துக்கு வாருங்கள். தோரியா குடும்பத்தின் இடம் இது, கோவிலும் சுற்றி நிற்கும் வீடுகளும் அவர்களுடையவை. கோவில் முகப்பின் வெள்ளைப் பட்டைகளில் அவர்கள் வென்ற கடற்போர்களைக் கல்வெட்டாகப் பொறித்திருக்கிறார்கள். 1298இல் கர்சோலாவில் வெனிஸ் கப்பற்படையை நொறுக்கிய லம்பா தோரியாவின் கல்லறைப் பேழை அதே முகப்பில் பதிந்திருக்கிறது. மார்க்கோ போலோ பிடிபட்டது அந்தப் போரில்தான் என்பது பரவலான கருத்து. காலையில் பார்த்த சிறைக்கும் இந்தப் பேழைக்கும் நடுவே கால் மணி நேர நடைகூட இல்லை.

அம்மாவுக்கு இதற்குள் கால் வலி எடுத்திருக்கும். அங்கிருந்து பியாட்ஸா போர்த்தெல்லோ போய்விடுங்கள். சுரங்கம் போன்ற நடைபாதையின் கோடியில் காஸ்தெல்லெத்தோ மின்தூக்கி இருக்கிறது. மலைக்குள்ளேயே ஏறும் இது 1909 முதல் ஊர்மக்களுக்குப் பஸ் மாதிரி. மேலே பெஞ்சுகள் உண்டு. உட்கார்ந்துகொண்டே ஊர் முழுவதையும் பார்க்கலாம்: சாம்பல் நிறக் கற்பலகைக் கூரைகள், நடுநடுவே மணிக்கூண்டுகள், மேற்கே 77 மீட்டர் உயர லந்தெர்னா கலங்கரை விளக்கம். இன்றைய வடிவில் அது 1543இலிருந்து நிற்கிறது. உங்கள் கப்பலும் தெரியும்.

கீழே இறங்கினால் ஒட்டியே வியா கரிபால்டி. 1551இல் தொடங்கிப் பணக்காரக் குடும்பங்கள் வரிசையாக மாளிகை எழுப்பிய தெரு. குடியரசு என்பதால் அரண்மனை கிடையாது. வெளிநாட்டு அரசர்களும் தூதர்களும் வந்தால் எந்தத் தனியார் மாளிகை விருந்தோம்ப வேண்டும் என்று 1576 முதல் அரசு பட்டியல் வைத்திருந்தது. ரோல்லி என்று பெயர் பெற்ற அந்தப் பட்டியல் மாளிகைகளில் 42ஐ 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்று நகராட்சி இருக்கும் தூர்ஸி மாளிகையில் வயலின் மேதை பகனீனியின் வயலின் இருக்கிறது, 1743இல் குவர்னேரி என்ற கைவினைஞர் செய்தது. நேரம் குறைவென்றால் உள்ளே போகாமல் வாசல்களில் நின்று முற்றங்களையும் படிக்கட்டுகளையும் பார்த்தாலே போதும்.

தெருவின் மேற்கு முனையிலிருந்து வியா பால்பி வழியாகப் போனால் பிரின்சிப்பே ரயில் நிலையம், அதற்குக் கீழேயே உங்கள் கப்பல் துறை. நிதானமாக நடந்தால், சாப்பாட்டோடு சேர்த்து ஐந்தாறு மணி நேரம் ஆகும். வழுக்காத செருப்பு முக்கியம், மழை பெய்தால் சந்துக் கற்கள் எண்ணெய் தடவியது போல ஆகிவிடும். அம்மாவால் முடியாது போலிருந்தால் போர்த்தா சொப்ரானாவை விட்டுவிடுங்கள். மின்தூக்கியையும் சான் ஜோர்ஜோவின் பின்சுவரையும் மட்டும் விடாதீர்கள்.