கொலாஜன்-4: மரபணு ஆறு, முறுக்கு மூன்று (கேள்வி பதில்)

கேள்வி: செல் அடுக்குகளைத் தாங்கும் மெல்லிய அடித்தளச் சவ்வின் கொலாஜன்-4 புரதத்துக்கு ஆறு மரபணுக்கள் என்கிறார்கள். ஆறும் எல்லாத் திசுவிலும் வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. சிஓஎல்4ஏ1, ஏ2 இரண்டும் 13ஆம் குரோமோசோமில். ஏ3, ஏ4 இரண்டும் 2ஆம் குரோமோசோமில். ஏ5, ஏ6 எக்ஸில். ஒவ்வொரு ஜோடியும் முதுகோடு முதுகு ஒட்டி, எதிரெதிர்த் திசையில் படிக்கப்படும். புரதமாகும்போது கூட்டணி மாறிவிடும். மும்மூன்று சங்கிலிகளாகச் சேரும் முறுக்கில் மூன்றே வகை: 1-1-2 (எண்கள் சங்கிலிகளைக் குறிக்கும்; ஏ1 தருவது ஆல்பா-1, ஏ5 தருவது ஆல்பா-5) ஏறத்தாழ எங்கும், 3-4-5 சிறுநீரக வடிகட்டியான கிளாமருலஸ், உட்காதின் காக்ளியா, கண் லென்ஸ் உறை, நுரையீரல் நுண்ணறை ஆகியவற்றில், 5-5-6 தோல், கிளாமருலஸைச் சூழும் பவ்மன் உறை, மென்தசையில். ஏ5 மட்டும் இரண்டு கூட்டணியிலும் இருப்பதைக் கவனியுங்கள். கீழே வரும் பாதிக் குழப்பம் அதனால்தான்.

கேள்வி: தோல் பயாப்ஸியில் ஆன்டிபாடியால் நிறமேற்றினால் ஆல்பா-5 நன்றாகத் தெரிகிறது. ஆல்போர்ட் நோய் (3-4-5 குறைபாட்டால் சிறுநீரகம், காது, கண் கெடும் பரம்பரை நோய்) இல்லை என்று எழுதிவிடலாமா?

பதில்: கூடாது. தோலில் இருப்பது 5-5-6. ஏ3, ஏ4 இரண்டில் ஒன்றின் இரு பிரதிகளும் கெட்டாலும் அங்கே ஒன்றும் தெரியாது. அந்த நோயாளியின் சிறுநீரகத்தில் 3-4-5 முறுக்கே உருவாகாததால், கிளாமருலஸ் சவ்வில் ஆல்பா-5 காணாமல் போயிருக்கும். பக்கத்திலேயே பவ்மன் உறையில் பளிச்சென்று இருக்கும். இந்த வேறுபாடு, குறை பெரும்பாலும் ஏ5இல் இல்லை என்று காட்டும். எக்ஸ் வழி நோயுள்ள (ஏ5 கெட்ட) ஆணுக்குப் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் இருக்காது. பெண்ணுக்கு, ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் முடங்கிவிடுவதால், விட்டுவிட்டுத் தெரியும். ஒரு எச்சரிக்கை: ஒற்றை அமினோ அமில மாற்றங்கள் சிலவற்றில் நிறமேற்றம் இயல்பாகவே வரும். அதாவது, இல்லாதது சான்று, இருப்பது சான்றாகாது.

கேள்வி: எங்கள் ஸ்லைடில் கிளாமருலஸ், பவ்மன் உறை எதிலுமே ஆல்பா-5 நிறம் ஏறவில்லை. நோயா, செய்முறைப் பிழையா?

பதில்: அதே ஸ்லைடு வரிசையில் ஆல்பா-1 அல்லது 2க்கும் நிறமேற்றினீர்களா? அது தெரியாவிட்டால் பிழைதான். ஆன்டிபாடி பற்றும் இடம், சங்கிலியின் முனையிலுள்ள என்சி1 பகுதிக்குள் மறைந்திருக்கலாம். உறைநிலை வெட்டு எடுத்து, அமில யூரியாவில் நனைத்துத் திறந்துவிட்டுப் பாருங்கள். இயல்பான சிறுநீரக வெட்டு ஒன்றும் உடன் ஓடட்டும். பார்மலினில் ஊறிய திசுவின் எதிர்மறை முடிவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: சிறுநீரகப் புறணியின் ஆர்என்ஏவில் ஏ3 அளவு மிகக் குறைவு. புரதமோ சவ்வில் ஏராளம். எப்படி?

பதில்: கிளாமருலஸில் 3-4-5ஐ நெய்வது போடோசைட் (தந்துகியை வெளியே மூடும் செல்) மட்டுமே. புறணியில் பெரும்பங்கு நுண்குழல் செல்கள். அந்தக் கூட்டத்தில் போடோசைட்டின் ஆர்என்ஏ கரைந்துவிடும். புரதமோ செல்லுக்கு வெளியே படிந்து நெடுநாள் தங்கும். எனவே கிளாமருலஸைப் பிரித்தெடுத்தோ ஒற்றைச் செல் தரவிலோ பாருங்கள். கருவில் முதலில் இருப்பது 1-1-2; தந்துகி வளையம் உருவாகும் கட்டத்தில் 3-4-5க்கு மாறும். ஆல்போர்ட்டில் அந்த மாற்றம் நடக்காது. குறுக்குப் பிணைப்பு குறைந்த 1-1-2 நொதிகளுக்கு எளிதில் இரையாகி, சவ்வு நாளடைவில் தடித்துப் பிளக்கும்.

கேள்வி: ஏ5 அறிக்கையில் கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறியிருக்கிறது, இடத்தின் எண் இரு ஆய்வகங்களில் வேறுவேறு.

பதில்: மூன்றுக்கு ஒன்று கிளைசின் இருந்தால்தான் முறுக்கு இறுகும், நடுவில் வேறெதற்கும் இடமில்லை. அதனால் கிளைசின் மாற்றத்தை லேசாக எடுக்க வேண்டாம். எண் வேறுபடக் காரணம், 1685 அமினோ அமில வடிவம், 1691 அமினோ அமில வடிவம் என இரண்டு இருப்பது. நீளமானதில் இரு குட்டி எக்ஸான்கள் (புரதத்துக்கான மரபணுத் துண்டுகள்) கூடுதல். அவற்றுக்குப் பின் எல்லா எண்ணும் 6 தள்ளிப்போகும்.

கேள்வி: நிறமேற்றத்தில் ஆல்பா-5 இல்லவே இல்லை, எக்ஸோம் (எக்ஸான்களை மட்டும் படிக்கும் சோதனை) சுத்தம்.

பதில்: பெரிய நீக்கங்களை எம்எல்பிஏவில் (எக்ஸான்களின் பிரதி எண்ணிக்கையை அளக்கும் சோதனை) தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் எக்ஸான்களுக்கு இடைப்பட்ட இன்ட்ரானின் ஆழத்தில், எக்ஸான்களை ஒட்டும் ஸ்ப்ளைசிங்கைக் கெடுக்கும் மாற்றம் இருக்கலாம். தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் ஆர்என்ஏவில் ஏ5ஐப் படியுங்கள். நீக்கம் ஏ5இன் தொடக்கத்தைத் தாண்டி ஏ6இன் முதல் இரு எக்ஸான்களையும் விழுங்கியிருந்தால், விழுங்குவதில் சிரமம் உண்டா என்று நோயாளியைக் கேளுங்கள். உணவுக்குழாயில் மென்தசைக் கட்டிகள் அந்த நீக்கத்தோடு வரும்.