தீம் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் பிர்மிங்காமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஆற்றங்கரையில் பழங்காலக் கோட்டையோடு இருக்கும் சிறிய ஊர் ஒன்றைச் சொல்லுங்கள். முழங்கால் வலியால் எனக்குப் படியேறுவது சிரமம்.
– வாசகி ஒருவர்

பதில்: தயங்காமல் லட்லோவுக்குப் போய் வாருங்கள். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், தீம் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது இந்த ஊர். ரயிலில் போவதானால் ஷ்ரூஸ்பரியில் மாறி, ஹெர்ஃபோர்ட் பக்கம் போகும் வண்டியில் ஏற வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம்தான். ஆனால் நிலையத்திலிருந்து கோட்டைக்குப் போகும் வழி ஏற்றமானது என்பதால், மகளின் காரில் போவதே உங்களுக்கு நல்லது.

வேல்ஸ் எல்லையைக் காப்பதற்காக, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி லேசி குடும்பத்தார் கட்டத் தொடங்கிய கோட்டை இது. கோபுரங்களின் குறுகிய சுழற்படிகளில் நீங்கள் ஏற வேண்டாம். ஏறாததால் பெரிய இழப்பும் இல்லை. ஏனென்றால், என் கண்ணுக்கு அங்கே மிக அழகானது, உள்முற்றத்துப் புல்தரையில் தனியே நிற்கும் 12ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம். இங்கிலாந்தில் வட்ட வடிவத் தேவாலயங்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் இதுவும் ஒன்று. வாசல் வளைவில் ரம்பப் பல் வரிசைபோல் செதுக்கியிருக்கும் வேலைப்பாட்டை அருகில் நின்று பாருங்கள். உள்ளே சுவரை ஒட்டிச் சுற்றிலும் சிறு வளைவுகள். கூரை போய்விட்டதால் தலைக்கு மேல் வானம் மட்டுமே.

இந்தக் கோட்டையில்தான், ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், அரகான் இளவரசி கேத்தரினை மணந்து ஐந்து மாதம்கூட நிறையாத நிலையில், 1502 ஏப்ரல் 2 அன்று தம் 15ஆம் வயதில் இறந்தார். பின்னர் அவருடைய தம்பி எட்டாம் ஹென்றி அதே கேத்தரினை மணந்து, அந்த மணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு, போப்பாண்டவர் மறுத்ததால் இங்கிலாந்துத் திருச்சபையையே ரோமிலிருந்து பிரித்துக்கொண்டார். அந்த வழக்கில் அலசப்பட்டது, ஆர்தரும் கேத்தரினும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்களா என்ற கேள்வி. அந்த இளம் தம்பதியர் கடைசியாகச் சேர்ந்திருந்த இடம் இதுதான் என்று அறிந்து பார்க்கும்போது, இடிந்த சுவர்களைக் கடந்து போக மனம் வராது. மில்டனின் 'கோமஸ்' நாடகம் 1634இல் முதன்முதலாக நடிக்கப்பட்டதும் இங்கேதான்.

கோட்டை வாசலுக்கு எதிரேயே சந்தைத் திடல் இருப்பதால், அங்கே சற்று உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். பிறகு டின்ஹாம் பாலத்துக்குப் போங்கள்; இறக்கம் செங்குத்தானது, அதையும் காரிலேயே கடந்துவிடுங்கள். பாலத்தருகே தடுப்பணையில் தண்ணீர் விழும் ஓசை கேட்கும்; அங்கே நின்று நிமிர்ந்தால், நீங்கள் ஏறாமல் விட்ட கோபுரங்கள் அனைத்தும் ஒரே பார்வையில் தெரியும்.